வெள்ளிக்கிழமைக் கேசரி

"நான் சாப்பிடுறதையெல்லாம் யாரும்மா சாப்பிடுறாங்க?"

கேஷிகா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது நிறைந்திருக்கவில்லை. அடுப்படியில் குந்தியிருந்து, சம்பல் தொட்டு ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே கேட்டாள். குரலில் அழுகையும் இல்லை, முறைப்பாடும் இல்லை. தட்டில் இருப்பது வாய்க்குள் போவது அவளுக்குத் தெரிந்தது. கை கால்களுக்கு வந்து சேராததும் தெரிந்தது. நடுவில் யாரோ உட்கார்ந்து தின்கிறார்கள் என்பது அவள் கண்டுபிடிப்பு.

தனலெட்சுமி இப்போதும் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது சில வேளை அதை நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொள்வாள். இப்போது சிரிக்கலாம். கேஷிகா ஹட்டனில் படிக்கிறாள். போன பொங்கலுக்குத் தைத்த சட்டை இந்தப் பொங்கலுக்குக் கையில் ஏறவில்லை. ஆனால் அந்தக் காலையில், அடுப்புப் புகைக்குள், தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. ரொட்டிச் சட்டியைப் பார்த்தபடி, "யாரும் சாப்பிடலடி, நீதான் சாப்பிடுற. இந்தா, இன்னொண்ணு," என்று இன்னும் ஒன்றை எடுத்து வைத்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிசனில்தான் அவர்கள் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். தனலெட்சுமியின் கணவன் பிரதாபன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவான். மற்ற நாட்களில் தொலைபேசியில் அவன் குரல் மட்டும் வரும். பிள்ளை வயிறு உப்பி, கை கால் குச்சியாகி, நாலு நாளைக்கொரு தடவை வயிற்றோட்டத்தில் சுருண்டு படுப்பதை அவள் தனியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனியாக என்று சொல்வதும் முழு உண்மை அல்ல. அந்த லயத்தில் மெலிந்த பிள்ளையைக் கண்டால் கையில் ஒரு துண்டு ரொட்டி வைக்காமல் யாரும் அனுப்பமாட்டார்கள். கோதுமை மா ரொட்டிதான் மலையில் காலைச் சாப்பாடு. பல வீடுகளில் இரவுச் சாப்பாடும் அதுதான். சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில் இருக்கும் கிருஷாந்தி தன் பிள்ளைகளுக்குச் சுடும்போது கேஷிகாவுக்கும் ஒன்று சுடுவாள், அதில் கொஞ்சம் தேங்காய்ப்பூ கூடுதலாகவும் போடுவாள். பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா தன் பங்கு பிஸ்கட்டைக் கொடுத்துவிடுவாள். மலையில் பெண்கள் வட்டமாய் உட்கார்ந்து சாப்பிடும்போது, "இத ஒம் மகளுக்குக் கொண்டு போடி," என்று ஆளுக்கொரு துண்டு பிய்த்து இலையில் சுற்றித் தருவார்கள். அத்தனை அன்பும் அந்தச் சின்ன வயிற்றுக்குள் போய் எங்கேயோ காணாமல் போனது.

தோட்டத்து மருந்துச் சாலையில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். ஒரு பெரியவர் தாயத்துக் கட்டினார். ஒன்றும் சரிவராதபோது தனலெட்சுமி லயத்துக்கு மேலே இருந்த மாரியம்மன் கோயிலுக்குப் போய், சூலத்தைப் பிடித்துக்கொண்டு நேர்ந்தாள். "தாயே, எம் புள்ளைக்கு உடம்பு தேறுற வரைக்கும் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒனக்குக் கேசரி வச்சுப் படைக்கிறேன்." கேசரி கேஷிகாவுக்குப் பிடிக்கும். பிள்ளைக்குப் பிடித்தது அம்மனுக்கும் பிடிக்கும் என்று அவள் நினைத்தாள்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் பூசாரி வடிவேல் கோயிலின் பின்னாலிருந்த மடப்பள்ளியில் கேசரி கிண்டினார். ரவையும் சீனியும் அவள் கொடுப்பாள், கிண்டுவது அவர். பூசை முடிந்ததும் வாழையிலைத் துண்டில் முதல் கரண்டி கேஷிகாவுக்கு. நேர்த்திக்காரப் பிள்ளை அவள்தானே.

பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்த புது டாக்டர் ஆர்த்திகா யாழ்ப்பாணத்துப் பெண். பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். இரத்தம் எடுத்து அனுப்பினாள். பிறகு கண்டி ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். அங்கே பிள்ளையை மயக்கி, வாய் வழியாகக் குழாய் விட்டு, குடலிலிருந்து அரிசிக் குறுநொய் அளவு சதை எடுத்தார்கள். அந்த நாள் தனலெட்சுமி ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள்.

முடிவு வந்ததும் ஆர்த்திகா இரண்டு படங்களை மேசையில் வைத்தாள்.

"இது ரெண்டும் குடலின்ர உள் சுவர், அக்கா. நுணுக்குக்காட்டியில பாத்தது. இது சுகமான ஒரு பிள்ளையின்ர. இது கேஷிகாவின்ர."

முதற் படத்தில் விரல் விரலாய் நெருங்கி நின்றன. இரண்டாவதில் விரல்கள் இல்லை, மொட்டையான மேடு மட்டும் இருந்தது. தனலெட்சுமி மாறி மாறிப் பார்த்தாள்.

டாக்டர் அவளுடைய வலது கையை எடுத்து, பெருவிரலைத் திருப்பிக் காட்டினாள். கொழுந்துச் சாயம் ஏறி, வெடித்து, காய்த்திருந்த விரல்.

"எங்கட உடம்பில, வெளியும் உள்ளும் சந்திக்கிற இடமெல்லாம் ஒரு படை மூடிக்கொண்டு இருக்கு. மேலணி எண்டு பேர். ஆனா எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி இராது. வேலைக்கு ஏத்த மாதிரி முகத்தை மாத்திக்கொள்ளும். உங்கட விரலில அது காய்ச்சு இறுகிப் போச்சு. மேல இருக்கிறது செத்த கலங்கள்தான், செல் எண்டு சொல்லுவினமே, ஆனா அதுதான் காவல். கிருமி உள்ள வராது, ஈரம் வெளிய போகாது. விளங்குதோ?"

"வெளங்குதுங்க."

"மூச்சுக்குழாயில அதுக்குப் பிசிர் இருக்கு. கண்ணுக்குத் தெரியாத மயிர். வயல்ல நெல்லு காத்துக்குச் சாயுற மாதிரி எல்லாம் ஒரு பக்கமா அடிச்சு அடிச்சு, சளியில ஒட்டின தூசியை மேல தொண்டைக்குத் தள்ளும். இரவு பகல் நிப்பாட்டாது. குடலில இருக்கிறது அப்பிடி அசையாது. அதின்ர வேலை தள்ளுறது இல்லை, வாங்கிறது." அவள் முதற் படத்தில் ஒரு விரலைத் தொட்டாள். "இந்த விரலைச் சடைமுளை எண்டு சொல்லுவம். அதை மூடியிருக்கிற ஒவ்வொரு கலத்தின்ர தலையிலயும் இன்னும் சின்னச் சின்ன முளை, ஆயிரக்கணக்கில. கூட்டுற தும்புத்தடியின்ர தும்பு மாதிரி நெருக்கமா நிக்கும். சோத்தைக் கடைசியா உடைக்கிற நொதியம் அதிலதான் இருக்கு. உடைச்சதை உள்ள எடுக்கிறதும் அதுதான். எவ்வளவு முளையோ அவ்வளவு இடம். சும்மா வழுவழு எண்டு இருந்தா இடம் காணாது."

தனலெட்சுமி இரண்டாவது படத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"கவாத்து வெட்டுன மல மாதிரி இருக்குங்க."

"எது, அந்தக் குச்சி குச்சியா நிக்கிற மலையோ? பஸ்ஸில வரேக்க பாத்தனான்."

"ஆமாங்க. அதுல போயி நின்னா ஒரு கொழுந்து எடுக்க ஏலாது. செடி இருக்கும், வேர் இருக்கும், எடுக்கிறதுக்குத்தான் ஒண்ணுமில்ல."

"அதேதான் அக்கா. சாப்பாடு அந்த வழியாலதான் போகுது. எடுக்கிறதுக்கு அங்க கை இல்லை."

தனலெட்சுமிக்குப் பிள்ளையின் கேள்வி நினைவுக்கு வந்தது. யாரும் சாப்பிடவில்லை. வாங்க ஆளில்லாமல் அப்படியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே நல்ல கேள்வியைக் கேட்டாள்.

"துளிர்க்குங்களா?"

"கட்டாயம் துளிர்க்கும். இந்தக் கலங்கள் சில நாளுக்கு ஒருக்கா புதுசு புதுசா வாறது. வெட்டுற கத்தியை எடுத்துப் போட்டாச் சரி."

"கத்தி யாரு கையில இருக்குங்க?"

"கோதுமை." ஆர்த்திகா அதைச் சொல்லத் தயங்கியது போலத்தான் சொன்னாள். "அவவின்ர உடம்பு கோதுமையைப் பகையாளி எண்டு நினைச்சுச் சண்டை பிடிக்குது. அந்த அடி தன்ர குடலுக்கே விழுது. மருந்து ஒண்டும் இல்லை. ரொட்டி, பாண், பிஸ்கட், நூடில்ஸ் ஒண்டும் வேண்டாம். கொஞ்சம் எண்டாலும் வேண்டாம். சோறு குடுங்கோ, குரக்கன் குடுங்கோ, மரவள்ளி குடுங்கோ."

பஸ்ஸில் திரும்பி வரும்போது தனலெட்சுமி மடியில் தூங்கிய பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். மெலிந்த பிள்ளைக்கு ஊரே ஊட்டியது ரொட்டி. அதுவே கத்தி. யாரை நோவது?

லயத்தில் சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லை. "ரொட்டி சாப்புட்டு நம்ம பாட்டன் முப்பாட்டன் கானு வெட்டுனான், ரோட்டு போட்டான். இவளுக்கு மட்டும் ஒத்துக்கிறாதாமா?" என்றாள் ஒருத்தி. "தொர வூட்டுப் புள்ளயாப் பொறக்க வேண்டியது, வழி தப்பி நம்ம காம்பராவுக்கு வந்திருச்சு," என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்களே கேஷிகா வரும் வழியில் ரொட்டித் தட்டை மூடி வைத்தார்கள். கிருஷாந்தி குரக்கன் என்கிற கேழ்வரகு மாவில் தட்டிப் பார்த்து, முதல் நாள் கருக்கி, இரண்டாம் நாள் உடைத்து, மூன்றாம் நாள் முழுசாக ஒன்று கொண்டுவந்து நீட்டினாள். "இந்தாடி, ஒம் மகளுக்குத் தனி ரொட்டி. ராணிக்குக் கூட இப்புடிச் சுட்டுக் குடுத்திருக்க மாட்டாங்க."

முதல் மாதம் பிள்ளை முகத்தில் கொஞ்சம் ஒளி வந்தது. வயிற்றோட்டம் குறைந்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. திரும்ப எடுத்த இரத்தத்தைப் பார்த்துவிட்டு ஆர்த்திகா தலையை ஆட்டினாள். "எங்கயோ இருந்து கோதுமை உள்ள போகுது, அக்கா. ஆரோ கள்ளமாக் குடுக்கினம். இப்பிடியே போனா இவ வளர மாட்டா. எலும்பும் பலவீனமாப் போயிடும். வடிவா விசாரியுங்கோ."

விசாரிக்கப் போன இடத்தில்தான் தனலெட்சுமி தவறினாள். பிள்ளைக் காம்பரா விட்டதும் பிள்ளை இருப்பது கிருஷாந்தியின் கண் முன்னால். கிருஷாந்தியின் சின்ன மகன் கையில் எந்நேரமும் ஒரு பிஸ்கட் இருக்கும். மலையிலிருந்து இறங்கிய களைப்பில், கூடையைக்கூட இறக்காமல், வாசலில் நின்றே கேட்டாள்.

"நீ ஏதும் எம் புள்ளைக்குக் குடுத்தியா?"

கிருஷாந்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "என்ன கேக்குற?"

"ரொட்டி, பிஸ்கட்டு. கண்ணால கேட்டுச்சுன்னு ஒரு துண்டு. குடுத்திருந்தா சொல்லிரு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"நெனைச்சுட்டுத்தான வந்திருக்க." கிருஷாந்தி கையைப் பாவாடையில் துடைத்தாள். "எம் புள்ளைங்களுக்கே நான் அவ இல்லாத நேரம் பாத்துத்தான் ரொட்டி குடுக்குறேன். கள்ளப் பூன மாதிரி ஒளிச்சு ஒளிச்சுத் திங்குதுங்க பாவம். போ தனம். களைச்சு வந்திருக்க. போயித் தண்ணி குடி."

கதவைச் சாத்தவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு சில நாள் குரக்கன் ரொட்டி வரவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆர்த்திகா வேறு விதமாகக் கேட்டாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் எங்கெங்கே போனாள் என்று கேட்டாள். தனலெட்சுமி சொல்லிக்கொண்டே வந்தாள். திங்கள் பிள்ளைக் காம்பரா. செவ்வாயும் அதே. வியாழன் கடைக்கு.

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கெழம சாயந்தரம் கோயிலுக்குப் போவோங்க."

"கோயில்ல ஏதும் சாப்பிடுறவவோ?"

"இல்லீங்க. பிரசாதந்தான்."

"என்ன பிரசாதம்?"

"கேசரிங்க. நாந்தான் நேர்ந்து வச்சிருக்கேன். இவளுக்கு நல்லாகணும்னு."

ஆர்த்திகா பேனையை வைத்தாள். அவள் நெற்றியிலும் காலையில் பூசிய திருநீறு மெல்லிய கோடாய் இருந்தது. சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை.

"அக்கா, ரவை எதில இருந்து வாறது?"

"கடையிலேருந்துங்க."

"கடைக்கு எதில இருந்து வாறது?"

தனலெட்சுமிக்கு ஒரு கணம் பிடித்தது. மா வெள்ளையாக, தூளாக இருக்கும். ரவை மணி மணியாக இருக்கும். இரண்டும் ஒன்றென்று அவள் வாழ்க்கையில் நினைத்ததே இல்லை. அதைவிடவும், பிரசாதத்தைச் சாப்பாட்டோடு சேர்த்து எண்ணலாம் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வதை யாராவது சாப்பாடு என்று சொல்வார்களா?

"சாமிக்கு வச்சது எப்புடிங்க செய்யும்?" என்று கேட்டாள்.

"சாமி செய்யேல்லை, அக்கா. கோதுமைதான் செய்தது," என்றாள் ஆர்த்திகா மெதுவாக. "நானும் கோயிலுக்குப் போறனான். வேற ஏதும் வைச்சுப் படைக்க ஏலாதோ எண்டு கேட்டுப் பாருங்கோ."

கேட்பது டாக்டருக்கு லேசு. நேர்ந்தது நேர்ந்ததுதான். பிள்ளை தேறும் வரைக்கும் கேசரி என்று சூலத்தைப் பிடித்துச் சொன்னவள் அவள். வைத்தால் பிள்ளை தேறாது. நிறுத்தினால் அம்மன் என்ன நினைப்பாள்? பிள்ளையை மட்டும் வாங்க விடாமல் பார்த்துக்கொள்ளலாமென்றால், நேர்த்திக்காரப் பிள்ளையே பிரசாதம் வாங்காவிட்டால் கோயிலே கேட்கும். பஸ் இறங்கியதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பூசாரி வடிவேலிடம் போனாள்.

வடிவேல் மடப்பள்ளித் திண்டில் உட்கார்ந்து விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. இடையிடையே இருமினார். கற்பூரப் புகையோடேயே வாழ்ந்தவர்.

"அப்ப நான் கிண்டுன கேசரிதான் புள்ளயத் தின்னுச்சா?"

"அய்யோ மாமா, நீங்க என்ன செஞ்சீங்க. நேர்ந்தது நானு."

"ரெண்டு பேருந்தான் செஞ்சோம்." அவர் திரியைக் கீழே வைத்தார். "இத்தன வருசமாப் படைக்கிறேன் தனம். ஒரு நாளாச்சும் ரவ பத்தலன்னு அவ எங்கிட்டச் சொன்னதில்ல. பொங்கல் வச்சா வேணாம்பாளா? அரிசியும் பயறும் சக்கரையும். ஒம் புள்ளயும் சாப்புடலாம்."

"நேர்ந்தத மாத்துனா சனங்க என்ன சொல்லுங்க?"

"சொல்லும். அதான் நீ வாயத் தொறக்காத. நான் பாத்துக்கிறேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை இலையில் சர்க்கரைப் பொங்கல் விழுந்தது. கோயில் கமிட்டித் தலைவர் தரணிதரன் கையில் வாங்கியதைப் பார்த்துவிட்டு, "என்ன பூசாரி, கேசரி எங்க?" என்றார்.

"அடி புடிச்சிருச்சு தலைவரே. அதான் அவசரத்துக்குப் பொங்கல்."

அதற்கடுத்த வெள்ளியும் பொங்கல். "இந்தத் தடவையும் அடி புடிச்சிருச்சா?"

"கட்டி தட்டிப் போச்சு. கண்ணு முன்ன மாதிரி இல்ல. ரவ கிண்டுறதுக்குப் பக்குவம் வேணும், அது எங்கிட்ட இல்லாமப் போச்சு. இனிமே பொங்கல்தான். வேணும்னா தலைவர் வந்து கிண்டுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு அடிபுடிச்ச பூசாரி என்று பெயர் விழுந்தது. பிள்ளைகள்கூடச் சொல்லிப் பழகின. மலையில் யாராவது கூடையைக் கொட்டிவிட்டால், "அடியே, வடிவேல் பூசாரி கேசரி மாதிரி ஆக்கிட்டியே," என்பார்கள். அம்மன் சன்னிதியில் நின்று அவர் சொன்னது பொய்தான். அந்தப் பொய்யால் நட்டப்பட்டது அவர் ஒருவர்தான். அதனால் அம்மன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள் என்றே தனலெட்சுமி இன்றைக்கும் நம்புகிறாள்.

அந்த வாரமே அவள் கிருஷாந்தியின் வீட்டுக்குப் போனாள். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. கேஷிகாவை அடுப்படியில் உட்கார்த்திவிட்டு, "இவளுக்குப் பசிக்குதாம். ஒன் வூட்டுல என்ன இருக்கோ குடு," என்றாள். கிருஷாந்தி கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். பிறகு சோற்றுச் சட்டியைத் திறந்தாள். "சோறு இருக்கு, பருப்பு இருக்கு. வேற யாராச்சும் என்ன குடுத்தன்னு கேட்டா நீயே பதில் சொல்லிக்க." அவ்வளவோடு அது தீர்ந்தது.

திருவிழாவில்தான் வினை வந்தது. தேர் தொழிற்சாலை முடக்கில் திரும்பும்போது அச்சு முறிந்து சாய்ந்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அம்மன் நடு ரோட்டில் நின்றுவிட்டாள். வெயிலுக்குள் சனம் கூடி, குற்றம் யாருடையதென்று தேடத் தொடங்கியது. ஒரு கிழவி சொன்னாள்: "வெள்ளிக்கெழம நேர்த்திக் கேசரிய நிறுத்துனதுக்குத்தான் இது. நேர்ந்தத மாத்துனவ யாரோ, அவளக் கேளுங்க."

தனலெட்சுமி பிள்ளையின் கையைப் பிடித்தபடி கூட்டத்தில் நின்றாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் தேரடியிலிருந்து வடிவேலின் குரல் வந்தது.

"அவளையும் இவளையும் ஏன் கேக்குறீங்க? நிறுத்துனது நானு. கிண்டத் தெரியாதவன் கருகுனதப் படைச்சா அதுதான் குத்தம். பொங்கலுக்கு மாத்துனதும் நான்தான். கோவம் இருந்தா எந் தலைல எறங்கட்டும்."

தரணிதரன் கூட்டத்துக்கு முன்னால் அவரை நாலு வார்த்தை ஏசினார். வடிவேல் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாய்ந்த தேருக்குத் தோள் கொடுக்கப் போனார்.

அன்று சாயந்தரம் அவள் மடப்பள்ளிக்குப் போய் அழுதாள். "நான் சொல்லிர்றேன் மாமா. எனக்காக நீங்க ஏன் பேச்சு வாங்கணும்?"

"ஒனக்காக இல்ல. நாளைக்கு அந்தப் புள்ளயத் தேரு முறிச்ச புள்ளம்பானுங்க. புள்ளைக்கு அப்புடி ஒரு பேரு ஒட்டிக்கிட்டா கல்யாணம் வரைக்கும் கூடவே வரும். எனக்கு ஒட்டுனா எத்தன நாளைக்கு? போ. புள்ளைக்குச் சோறு குடு. அதுதான் இப்ப ஒனக்கு வேல."

அந்த வேலையை அவள் செய்தாள். மழை வந்து கவாத்து மலை துளிர்ப்பது போல, முதலில் ஒன்றும் தெரியாது; பிறகு ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் பச்சை. கேஷிகாவின் கன்னம் நிறைந்தது. படியில் ஏறும்போது மூச்சு வாங்காமல் முன்னால் ஓடினாள். கையிலிருந்த வளையல் இறுகி, சவர்க்காரம் போட்டுக் கழற்ற வேண்டி வந்தது. ஆர்த்திகா மாற்றலாகிப் போவதற்கு முன் பார்த்த கடைசி இரத்தம் நல்லதென்று சொன்னது. "இனிப் பயமில்லை அக்கா. ஆனா ஆயுளுக்கும் கோதுமை வேண்டாம்." போகும்போது கேஷிகாவின் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள். இன்றைக்கும் கேஷிகா சிநேகிதிகள் வீட்டில் கேக் வெட்டினால் அதைத் தொடமாட்டாள்; மிக்ஸர் பொட்டலத்தைக்கூடத் திருப்பி வாசித்துத்தான் வாய் வைப்பாள். அவளுக்கு அது பழக்கம். தாய்க்குத்தான் அந்த லயத்து நாட்கள் நினைவுக்கு வரும்: மூடி வைத்த ரொட்டித் தட்டுகள், ஒளித்துத் தின்ற பிள்ளைகள், கருகிய குரக்கன் வாசம். அவ்வளவு கஷ்டமான காலத்தை மனம் ஏன் இவ்வளவு ஆசையாகத் திரும்பப் பார்க்கிறது என்று அவளுக்கே விளங்குவதில்லை.

வடிவேலுக்கு மட்டும் பெயர் போகவில்லை. எத்தனை நாளைக்கு என்று கேட்டவருக்கு வருடக் கணக்கில் ஒட்டிக்கொண்டது. பிள்ளை தேறியதும் நேர்த்தி முடிந்துவிட்டது. ஆனாலும் பொங்கல் கோயில் வழக்கமாகிப் போனது. அவரும் நிறுத்தவில்லை.

இந்த வருடம் மார்கழிக் குளிருக்குப் பிறகு அவர் முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. இருமலும் கூடியது. வெள்ளிக்கிழமைப் பூசை இரண்டு தடவை இருட்டிய பிறகுதான் நடந்தது. கமிட்டிக் கூட்டத்தில் தரணிதரன், "நல்லதண்ணிப் பக்கம் ஒரு வாலிபப் பூசாரி இருக்காராம். இன்னும் ஒரு மாசம் பாப்போம். இவரால ஏலலன்னா மாத்திருவோம்," என்று சொன்னதாக மலையில் பேச்சு வந்தது. கோயிலை விட்டால் வடிவேலுக்கு வீடு என்று வேறொன்றும் இல்லை. மனைவி போய் நாளாயிற்று. மடப்பள்ளியை ஒட்டிய ஓரறைதான் அவருக்கு எல்லாம்.

அவரைப் பார்க்கப் போனபோதுதான் தனலெட்சுமிக்கு விஷயம் விளங்கியது. பூசை பண்ண அவருக்கு முடியும். மந்திரம் மறக்கவில்லை, கை நடுங்கவில்லை. பிந்தியது பொங்கலால். கேசரிக்கு மண்ணெண்ணெய் அடுப்பு போதும், ஒரு செம்புத் தண்ணீர் போதும். லயத்துக்கே பொங்குகிற பெரிய அண்டாவுக்கு விறகு வேண்டும். கீழே பீலியிலிருந்து, குழாயில் விழும் தண்ணீரைக் குடம் குடமாகப் படியேற்ற வேண்டும். அவர் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறுவதை அவள் தூரத்திலிருந்து பார்த்தாள். லேசான கேசரியை விட்டு இந்தப் பாரத்தை அவர் யாருக்காகத் தலையில் ஏற்றினார் என்பது உலகத்தில் இருவருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் அதை மறந்தே போயிருப்பார்.

அவள் போய், "மாமா, நான் செய்யிறேன்," என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் விடமாட்டார். விட்டாலும், பூசாரியால் முடியவில்லை, பொம்பளை வந்து தண்ணி தூக்குகிறாள் என்று கமிட்டிக்கு ஒரு பேச்சாகும்.

வெள்ளிக்கிழமை பகல் கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்ததும் பெண்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில் வடிவேல் கதவைச் சாத்திக்கொண்டு காலுக்கு எண்ணெய் தடவிப் படுத்திருப்பார். லயத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், பெரியவர்கள் மலையில். தனலெட்சுமி கவாத்து மலை ஓரத்தில் வெட்டிப் போட்டுக் காய்ந்து கிடந்த மிலாற்றுக் குச்சிகளைக் கயிற்றில் கட்டித் தலையில் வைத்து, குறுக்குப் பாதையால் இறங்கினாள். விறகை மடப்பள்ளிச் சுவரோரம் ஈரம் படாமல் அடுக்கினாள். மூலையில் இருந்த அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள். குடங்களை எடுத்துக்கொண்டு பீலிக்கும் மேலுக்குமாக நடந்தாள். தொட்டி நிறைந்து விளிம்பில் தளும்பியதும், சிந்திய தண்ணீரைத் துணியால் துடைத்துவிட்டாள். அடி வைத்த ஈரத் தடம்கூட வெயிலில் காய்ந்துவிடும். உள்ளே வடிவேல் இருமுவது கேட்டது. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வெள்ளியும் பொங்கல் நேரத்துக்கு இறங்கியது. பூசாரி, தலைவர்தான் ஆள் வைத்திருப்பதாக நினைத்தார். தலைவர், பூசாரிக்கு உடம்பு தேறிவிட்டதாக நினைத்தார். மாதம் முடிந்தபோது நல்லதண்ணிப் பூசாரியைப் பற்றி யாரும் பேசவில்லை.

இன்றைக்கும் அவள் போய்விட்டு வந்தாள். மேலே ஏறி வந்தபோது மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துச் செடி நிரைக்கு எழும்பியிருந்தார்கள். இடுப்புச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு தன் நிரையில் நின்றாள். பக்கத்து நிரையிலிருந்து கிருஷாந்தி எட்டிப் பார்த்தாள்.

"சாப்புடாம எங்கடி போன? சேலையெல்லாம் நனைஞ்சிருக்கு."

"பீலிக்குப் போனேன். கால் கழுவ."

"கால் கழுவவா அவ்வளவு தூரம் போன?"

"சேறு," என்று சொல்லிவிட்டுத் தனலெட்சுமி முதல் செடிக்குக் குனிந்தாள்.